பதினொன்றாவது விண்ணப்பம்

அத்தியாயம் 14

நாலு தடவை தள்ளிப்போன சாஃப்ட்வேர் ரிலீஸ் ஒருவழியாக ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வெளியே போயிற்று. பல வாரங்களுக்குப் பிறகு ஏல்சா அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினாள். அந்த நிம்மதி திங்கட்கிழமை காலை எட்டேகால் மணிவரை தாங்கியது. அவள் ஜாதகத்துக்கு அதுவே அதிகம்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிட்டால் நல்லது. ஏல்சா லோரிமர் டனீடினில், பிரின்சஸ் தெருவில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் மூத்த புரோகிராமர். ஒட்டாகோ மாகாணம் முழுக்க முதியோர் இல்லங்கள் நடத்துகிற ஒரு அறக்கட்டளைக்கு அவள் குழு ஒரு பெரிய வெப் அப்ளிகேஷன் எழுதிக் கொடுத்திருக்கிறது. அறுநூறு ஊழியர்களின் ஷிஃப்ட், லீவு, இடமாற்றம் எல்லாம் அதில்தான். அவள் கணவன் செமீசி மோவாலா அதே அறக்கட்டளையின் செயின்ட் கில்டா இல்லத்தில் இரவு நர்ஸ். அவனுடைய தங்கை லெசியெலி, ஏல்சாவின் குழுவிலேயே டெஸ்டர். ஏல்சா எழுதுவதில் குற்றம் கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற நாத்தனார் உலகத்தில் வேறு எவளுக்கும் வாய்த்திருக்க மாட்டாள்.

மாமியார் லூப்பே ஓமருவில் சர்ச் படியில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டு ஏழு வாரம் ஆகிறது. அம்மா பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும், நாம் ஓமருவுக்கே போய்விடலாம் என்று செமீசி கேட்டான். இந்த ரிலீஸ் முடியட்டும், பேசலாம் என்றாள் ஏல்சா. ரிலீஸ் தள்ளிப்போகப் போக அந்தப் பேச்சும் தள்ளிப்போயிற்று. நாலாவது தடவைக்குப் பிறகு அவன் கேட்பதையே விட்டுவிட்டான். அவன் கேட்காமல் இருந்ததை ஏல்சா, விஷயம் ஆறிவிட்டது என்று எடுத்துக்கொண்டாள். கெட்டிக்காரர்கள் எல்லோரும் எல்லா இடத்திலும் கெட்டிக்காரர்களாக இருப்பதில்லை.

எட்டேகாலுக்கு முதல் போன் வந்தது. பால்க்ளூத்தா இல்லத்தின் சமையல்காரம்மா. பல் டாக்டரிடம் போக ஒரு நாள் லீவு கேட்கலாம் என்று பக்கத்தைத் திறந்திருக்கிறாள்.

"மேலே என் பேருதான் போட்டிருக்கு. கீழே 'செமீசி மோவாலாவின் விண்ணப்பங்கள்'னு வருது. யாரும்மா அந்த ஆளு? எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலையே."

அது என் வீட்டுக்காரர் என்று ஏல்சாவுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றாள். போனை வைப்பதற்குள் அடுத்தது அடித்தது. அடுத்து அலெக்ஸாண்ட்ரா இல்லத்திலிருந்து. பிறகு மொஸ்கீலிலிருந்து இரண்டு. லீவு கேட்கும் பக்கத்தைத் திறந்தவர்கள் எல்லோருமே செமீசி மோவாலா ஆகிவிட்டார்கள்.

முதலில் ஆபீஸே சிரித்தது. திறந்து பார்த்ததோடு நிறுத்தாமல் சில பேர் பெயரைக் கவனிக்காமலேயே விண்ணப்பத்தை எழுதி அனுப்பியும் இருந்தார்கள். அதெல்லாம் செமீசியின் பெயரில் போய் விழுந்திருந்தது. மேலாளர் ரோனா எட்டு ஐம்பதுக்கு அந்தப் பக்கத்தையே பூட்டுகிறவரை, செமீசி மோவாலா பல் பிடுங்க ஒரு நாள், நெல்சனில் ஒரு கல்யாணத்துக்கு ஒரு வாரம், முழங்கால் ஆபரேஷனுக்கு ஆறு வாரம் என்று வரிசையாக லீவு கேட்டிருந்தான். பிரசவ விடுப்பும் கேட்டிருந்தான்.

"அண்ணி, எங்க அண்ணன் சொல்லவே இல்லையே" என்று லெசியெலி ஏல்சாவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று சிரித்தாள். ஏல்சாவும் சிரித்தபடியே பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டு போனாள்.

புதியது மேலே, பழையது கீழே. மொத்தம் பதினொன்று இருந்தன. கடைசியில் கிடந்தது, காலை ஐந்து ஐம்பத்திரண்டுக்கு வந்தது.

இடமாற்றம். ஓமரு இல்லம். நிரந்தரம். ஆகஸ்ட் 4 முதல். காரணம்: குடும்பம்.

ஏல்சா அதை இரண்டு தடவை படித்தாள். முதுகுக்குப் பின்னால் லெசியெலியின் சிரிப்பு நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தபோது அவள் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து எதையோ மும்முரமாகத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.

அவன்தான் கேட்டிருக்கிறானா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், நான் தூங்கிக்கொண்டிருக்கும்போது, நான் எழுதிய பக்கத்திலேயே? அல்லது பிரசவ விடுப்பு மாதிரி இதுவும் வேறு எவருடையதோ வந்து விழுந்ததா? ஓமருக்காரர்கள் அந்த அறக்கட்டளையில் எத்தனையோ பேர். குடும்பக் காரணம் இல்லாதவர் யார்? செயின்ட் கில்டாவில் நர்ஸ்கள் அறையில் ஒரே கம்ப்யூட்டர்தான், இரவு ஷிஃப்டில் மூன்று பேர் மாற்றி மாற்றி அதைத்தான் தொடுகிறார்கள். அவனாக இருக்கலாம், அவனாக இல்லாமலும் இருக்கலாம். இப்படி யோசித்தால் அவன் பக்கம் சாய்ந்தது, அப்படி யோசித்தால் வேறு ஆள் பக்கம் சாய்ந்தது. அவளுக்குப் பயமாக இருந்தது. எதற்குப் பயப்படுகிறோம் என்பது மட்டும் சரியாகப் பிடிபடவில்லை. அவன் போய்விடுவான் என்றா, சொல்லாமல் போய்விடுவான் என்றா?

சர்வர் பதிவேட்டைத் திறந்தால் இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும். எந்த விண்ணப்பம் எங்கிருந்து, யாருடைய கடவுச்சொல்லோடு வந்தது என்று அதில் இருக்கும். அவள் கை அதற்குள் அங்கே போய்விட்டது.

ரோனா பக்கத்தில் வந்து நின்றாள். ரோனா குரலை உயர்த்த மாட்டாள். குரலை உயர்த்துகிறவர்களைவிட அவளைக் கண்டால்தான் எல்லோருக்கும் பயம்.

"அதை மூடு, ஏல்சா. வீட்டுக்காரர் பேர் இருக்கற எதையும் நீ தொடக் கூடாது. லெசியெலியும் தொடக் கூடாது. யார் எதை அனுப்பினாங்கன்னு நான் ஒவ்வொண்ணா பார்த்துப் பிரிச்சுக்கறேன். தப்பு எங்கேன்னு மட்டும் நீ கண்டுபிடி."

நியாயமான பேச்சு. நியாயமான பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது என்பதுதான் அதில் உள்ள கஷ்டம். ஏல்சா மூடினாள்.

இனித் தப்பைத் தேடுகிற வேலை. ஏல்சா தான் எழுதிய புரோகிராமை வரி வரியாகப் படித்தாள். எந்த வரியிலும் தப்பு இல்லை. திரும்பப் படித்தாள். அப்போதும் இல்லை. எல்லா வரியும் சரியாக இருந்து மொத்தமும் தப்பாக இருக்கிற வேடிக்கை அவள் தொழிலில் சகஜம்.

இத்தனை பெரிய அப்ளிகேஷனுக்குள் நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன உறுப்புகள் உண்டு. ஒன்றுக்கு இன்னொன்று தேவைப்படும். தேவைப்படுவதை அதது தானே செய்துகொள்ள ஆரம்பித்தால் வீடு சந்தைக்கடையாகிவிடும். அதனால் யாரும் எதையும் தானாகச் செய்துகொள்ளக் கூடாது, கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சட்டம். கேட்டதைக் கேட்ட நேரத்தில் கையில் கொண்டுவந்து கொடுக்க ஒரு ஃப்ரேம்வொர்க் இருக்கிறது. டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன் என்பார்கள். இந்தப் பெரிய ரிலீஸே பழைய அப்ளிகேஷனை அந்த முறைக்கு மாற்றியதுதான். மாற்றியவள் ஏல்சா.

அந்த முறையில் ஒவ்வொரு உறுப்புக்கும் ஆயுளை மட்டும் எழுதி வைத்துவிட வேண்டும். வருகிற ஒவ்வொருவருக்கும் புதிதாக ஒன்றா, இல்லை சர்வர் நிற்கிறவரை எல்லோருக்கும் சேர்த்து ஒன்றேவா என்று. ஆபீஸ் டீ அறை மாதிரி. கெட்டில் ஒன்று போதும், கோப்பை ஆளுக்கு ஒன்று வேண்டும். 'இப்போது உள்ளே வந்திருப்பவர் யார்' என்று சொல்லும் உறுப்பு கோப்பை. ஆளுக்கொன்று என்றுதான் ஏல்சா எழுதியிருந்தாள். விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் உறுப்பு கெட்டில். எல்லோருக்கும் ஒன்று என்றுதான் அதையும் எழுதியிருந்தாள். இரண்டும் சரி.

"லெசி, இங்கே வா" என்று கூப்பிட்டாள். "நீ இந்தப் பக்கத்தை எப்படி டெஸ்ட் பண்ணினே?"

லெசியெலி தன் குறிப்பைப் பார்த்துச் சொன்னாள். ஒரு டெஸ்ட் பெயரில் உள்ளே போனேன், விண்ணப்பம் போட்டேன், சரியாக வந்தது. சர்வரை நிறுத்தினேன், மறுபடி கிளப்பினேன், அடுத்த பெயரில் போனேன், அதுவும் சரியாக வந்தது. நாற்பது பெயர் பார்த்தேன், நாற்பதும் சரி.

"ரெண்டு பேர் ஒரே நேரத்துல?"

லெசியெலி பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு கம்ப்யூட்டரில் இரண்டு பெயரில் உள்ளே போனார்கள். முதலில் போன பெயர் இரண்டிலும் வந்தது.

கெட்டில் செய்யப்படுகிற நேரத்தில் அது ஒரு கோப்பை கேட்டிருக்கிறது. ஃப்ரேம்வொர்க்கும் சொன்னதைத் தட்டாத பிள்ளையாக, அந்த நேரத்தில் வாசலில் நின்றவரின் கோப்பையைக் கொடுத்துவிட்டது. கெட்டில் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அப்புறம் யார் வந்து டீ கேட்டாலும் முதல் ஆளின் கோப்பையில்தான் ஊற்றும். ஒவ்வொரு பெயருக்கும் சர்வரை நிறுத்திக் கிளப்பி, தனி ஆளாக உட்கார்ந்து டெஸ்ட் செய்கிறவரை இது தெரியவே தெரியாது.

இதைப் பிடிக்க அந்த ஃப்ரேம்வொர்க்கிலேயே ஒரு காவல் உண்டு. அப்ளிகேஷன் கிளம்பும்போதே பார்த்து, இப்படி ஓட மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அது ஏன் அடம்பிடிக்கவில்லை என்று ஏல்சா தேடினாள். யாரோ அதை நிறுத்தி வைத்திருந்தார்கள். வரிக்குப் பக்கத்தில் 'பிறகு பார்க்க' என்று ஒரு குறிப்பு. போன வியாழக்கிழமை. ஏல்சா லோரிமர்.

ஞாபகம் வந்துவிட்டது. பழைய ஒரு உறுப்பைப் பற்றி அந்தக் காவல் ஓயாமல் புலம்பிக்கொண்டிருந்தது. ரிலீஸ் ஐந்தாவது தடவையும் தள்ளிப்போகக் கூடாது என்ற வெறியில் அவள்தான் அதன் வாயை அடைத்தாள். பிறகு பார்க்கவே இல்லை.

நேராக ரோனாவிடம் போய்ச் சொன்னாள். ரோனா கேட்டுவிட்டு, திருத்த எவ்வளவு நேரம் ஆகும் என்று மட்டும் கேட்டாள். ஒரு வரிதான் என்றாள் ஏல்சா. சரி, நாளைக்குக் காலை டீக்குக் கேக் உன்னுடையது என்றாள் ரோனா. சாஃப்ட்வேரை உடைத்தவர் கேக் கொண்டுவர வேண்டும் என்பது அந்த ஆபீஸ் வழக்கம். கடையில் வாங்கினால் செல்லாது, வீட்டில் செய்தால்தான் செல்லும்.

பத்து மணி டீக்கு எல்லோரும் கூடினார்கள். செமீசிக்குப் பெண் குழந்தையா ஆண் குழந்தையா என்று பந்தயம் நடந்தது. ஏல்சா ஒரு ஓரமாகக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தப்பைக் கண்டுபிடித்தாயிற்று, திருத்தம் தயார். மனசு மட்டும் ஐந்து ஐம்பத்திரண்டிலேயே நின்றுவிட்டது.

லெசியெலி பக்கத்தில் வந்தாள்.

"அண்ணன்கிட்ட கேட்டீங்களா, அண்ணி?"

"தூங்கிட்டிருப்பான்."

"எழுப்பிக் கேளுங்க."

"நீ கேளேன். உன் அண்ணன்தானே."

லெசியெலி அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "நான் எப்படிக் கேக்க முடியும்? தெரிஞ்சுக்கிட்டே பேசறீங்களே."

தெரியும்தான். ஒன்பது வருஷக் குடித்தனத்தில் அதுகூடத் தெரியாதா? அந்த வீட்டில் அண்ணனும் தங்கையும் ஒரு அறையில் உட்கார்ந்து சினிமாகூடப் பார்க்க மாட்டார்கள். அவன் மனைவி, அவன் குடித்தனம், அவன் எங்கே இருக்கிறான் என்பதைப் பற்றியெல்லாம் அவள் வாயைத் திறக்க மாட்டாள். தங்கை ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அண்ணனால் தட்ட முடியாது. அதனாலேயே அவள் சொல்லக் கூடாது. ஏல்சா ஆரம்பத்தில் இதை ஒருவருக்கொருவர் பிடிக்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். மரியாதை இப்படியும் இருக்கலாம் என்று புரிய இரண்டு வருஷம் பிடித்தது.

"வேற யாரோடதாவது இருந்தா? போய்க் கேட்டு, சும்மா கிடக்கற சங்கை ஊதிக் கெடுத்த மாதிரி ஆகாதா?"

"சும்மாவா கிடக்கு?" என்றாள் லெசியெலி. "அண்ணன் ஒரு மாசமா சிரிச்சுப் பார்த்தீங்களா?"

லெசியெலி இவ்வளவு சொன்னதே அவள் எல்லைக்கு அதிகம். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பதினொன்றரைக்குத் திருத்தம் வெளியே போயிற்று. பால்க்ளூத்தா சமையல்காரம்மா மறுபடி தானே ஆகிவிட்டதாகப் போன் செய்து சொன்னாள். கொஞ்ச நேரம் ஆம்பிளையா இருந்ததும் நல்லாத்தான் இருந்தது, யாரும் பாத்திரம் கழுவச் சொல்லலை என்றாள். ஏல்சா சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே வேறொன்று அவளுக்குத் தட்டியது. காலையிலிருந்து கண் முன்னாலேயே இருந்ததுதான்.

கெட்டில் முதல் ஆளுடைய கோப்பையைத்தான் பிடித்துக்கொள்ளும். ரிலீஸுக்குப் பிறகு ஷிஃப்ட் அட்டவணையை எத்தனை பேர் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. விண்ணப்பப் பக்கத்தை முதன்முதலில் திறந்தவர் பெயர்தான் ஒட்டும். பதினொன்றாவது விண்ணப்பம் எவருடையதாகவும் இருக்கட்டும். அதற்கு முன்னால் செமீசி அந்தப் பக்கத்தைத் திறந்திருக்கிறான். லீவு கேட்கவும் இடமாற்றம் கேட்கவும் தவிர அந்தப் பக்கத்தைத் திறக்க வேறு காரணமே கிடையாது. அவளுக்குத் தெரியாதா, எழுதியவளே அவள்தானே.

குளிர்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறேன் என்று ரோனாவிடம் சொன்னாள். ரோனா ஏன் என்று கேட்கவில்லை.

வீடு இருக்கிற கேவர்ஷம் போகிற வழியெல்லாம் நிழல் விழுந்த இடங்களில் காலைப் பனி இன்னும் உருகாமல் இருந்தது. ஏல்சா மெதுவாகத்தான் ஓட்டினாள். வீட்டுக்குள் நுழைந்து என்ன கேட்பது என்று ஒத்திகை பார்த்தாள். கோபமாகக் கேட்டால் அவன் வாயைத் திறக்க மாட்டான். சாதாரணமாகக் கேட்டால் சாதாரணமாகப் பதில் சொல்லித் தப்பித்துவிடுவான். வீடு வந்துவிட்டது, கேள்வி வரவில்லை.

செமீசி தூங்கவில்லை. அடுப்படியில் நின்று ஞாயிற்றுக்கிழமை மிஞ்சிய லூவைச் சூடு செய்து, தேங்காய்ப்பாலில் வெந்த அந்தச் சேம்பிலையைச் சட்டியிலிருந்தே தின்றுகொண்டிருந்தான். மேஜையில் அவன் போன் ஓயாமல் கிணுகிணுத்துக்கொண்டிருந்தது.

"எனக்கு எப்போ பிரசவம்னு முப்பது பேர் கேட்டிருக்காங்க" என்றான். "என்ன பண்ணி வெச்சிருக்கே?"

"தப்பு பண்ணிட்டேன். திருத்தியாச்சு."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் சட்டியைக் கீழே வைத்தான்.

"ஓமருவுக்கு மாத்தல் கேட்டிருக்கியா?"

"இல்லையே."

அவன் பொய் சொல்ல மாட்டான். அது அவளுக்குத் தெரியும். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இறங்கியது பாதியில் நின்றது.

"உன் பேர்ல ஒண்ணு இருக்கு. ஆகஸ்ட் நாலுலேர்ந்து, நிரந்தரமா."

"எவனோ போட்டிருப்பான். அதான் ஊரே என் பேர்ல போட்டிருக்கே."

"சரி. ஆனா அந்தப் பக்கத்தை இன்னிக்கு முதல்ல திறந்தது நீதான். நீ திறக்காம இருந்தா உன் பேரு அதுல ஒட்டியிருக்காது. வேற யார் பேரோ ஒட்டியிருக்கும்."

செமீசி குழாயைத் திறந்து கையைக் கழுவினான். வேண்டிய நேரத்துக்கு மேலேயே கழுவினான்.

"திறந்தேன். அஞ்சே முக்கால் இருக்கும்" என்றான்.

"எதுக்கு?"

"எழுதத்தான்."

ஏல்சா நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் உட்காரவில்லை. துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே சொன்னான். ஓமருன்னு போட்டேன். நிரந்தரம்னு போட்டேன். அப்புறம் தேதி கேட்டது. எந்தத் தேதி போடுவது என்று தெரியவில்லை. அப்படியே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மூடிவிட்டேன்.

"ஏன் தெரியலை?"

"உன் ரிலீஸ் எப்ப முடியும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அதான் நேத்து முடிஞ்சுதே, செமீசி."

"அது முடிஞ்சுது" என்றான். "அடுத்தது?"

அவன் குத்திக் காட்டிச் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்கிறவன் மாதிரிதான் கேட்டான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது, என்னிடம் கேட்டிருக்கலாமே என்று. கேட்டான். நாலு தடவை கேட்டான். கோபம் போக இடமில்லாமல் அவள் மேலேயே திரும்பி வந்தது. ஆனால் அவன் எழுதாமல் மூடிவிட்டான் அல்லவா? அப்படியானால் அவன் போகவில்லை. போகவில்லை என்பதால் போக வேண்டாம் என்று ஆகிவிடுமா? அப்படியே அந்தப் பதினொன்றாவது வேறு எவருடையதோ என்றால், அவர் ஏன் அதே ஊரை, அதே நிரந்தரத்தை, இவன் மூடின சில நிமிஷத்துக்குள் கேட்டார்? அவளுக்கு எதுவுமே ஒன்றோடொன்று சேரவில்லை.

போன் அடித்தது. அவளுடையது. ரோனா.

பத்து விண்ணப்பத்துக்கும் ஆள் கண்டுபிடித்துவிட்டேன் என்று ரோனா சொன்னாள். முழங்காலும் பிரசவமும் எல்லாம் அவரவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. பதினொன்றாவது எந்த இல்லத்திலிருந்தும் வரவில்லை.

"நம்ம ஆளோடது அது. நம்ம டெஸ்ட் கடவுச்சொல்லோட வந்திருக்கு. ரிலீஸ் ஒழுங்கா ஓடுதான்னு பார்க்க லெசியெலி காலைல வீட்டுலேர்ந்தே உள்ளே போய் ஒண்ணு போட்டுப் பார்த்திருக்கா. பச்சை விளக்கு வந்ததும் பேரைக்கூடப் பார்க்காம மூடிட்டாளாம்."

"லெசியா?"

"எப்பவும் டெஸ்ட்டுக்கு ஓமருதான் போடுவாளாம், சொந்த ஊராச்சே. காலைல உன் பின்னாடி நின்னு பார்த்தப்பவே தன்னோடதுன்னு தெரிஞ்சுபோச்சாம். அப்பவே சொல்லியிருக்கலாமேன்னு கேட்டா, 'எங்க வீட்டுல நான் கேக்கக் கூடாத விஷயம் அது, அண்ணி கேக்கட்டும்னு விட்டுட்டேன்'ங்கறா. எனக்குத் தலையும் புரியலை, வாலும் புரியலை. உனக்குப் புரியுதா?"

புரிந்தது.

"போகட்டும். அவளைத் தனியா கவனிச்சுக்கறேன். இப்ப இதை அழிக்கணும். யார் பேர்ல இருக்கோ அவங்க வாயால சொன்னாத்தான் அழிக்கலாம்னு அறக்கட்டளையில கண்டிப்பா சொல்லிட்டாங்க. மத்ததை எல்லாம் அந்தந்த ஆளுக்கு மாத்தினோம். இதுக்குத்தான் ஆளே இல்லையே. உன் வீட்டுக்காரர் எழுந்தாச்சா?"

ஏல்சா போனை நீட்டினாள். எதற்கு என்று செமீசி கண்ணாலேயே கேட்டான். ரோனா என்றாள். அவன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாங்கிக் காதில் வைத்தான்.

ரோனா அந்தப் பக்கம் முதலிலிருந்து விளக்கினாள். செமீசி உம், உம் என்று கேட்டுக்கொண்டான். தங்கை பெயர் வந்த இடத்தில் மட்டும் ஒரு கணம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அப்புறம் ஏல்சாவைப் பார்த்தான். ஒரு மாதமாக அவன் அவளை அப்படி நேராகப் பார்க்கவில்லை. அவன் என்ன சொல்ல வேண்டும் என்று தான் விரும்புகிறோம் என்பது ஏல்சாவுக்கே தெரியவில்லை. தலையை ஆட்டுவதா கூடாதா என்றுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அழிக்க வேண்டாம்" என்றான் செமீசி. "அது என்னோடதுதான்."

ரோனா என்னவோ கேட்டாள்.

"தேதியா? நாலாம் தேதியே இருக்கட்டும்" என்றான்.